பத்தரை டிகிரி

தெர்மாமீட்டரை நூலில் கட்டி இறக்குகிறேன்.
த்ரீ ஆங்கர் பே. ஜனவரி. மதியம்.
கார் நிற்கும் இடத்தில் முப்பத்துமூன்று,
தண்ணீரில் பத்தரை.

ஐஸ்கிரீம் வண்டி வரிசை மொத்தமும்
என்னையே பார்க்கிறது.
நான்கு மில்லிமீட்டர் கறுப்பு ரப்பருக்குள்
ஒரு காலை நுழைத்து
இன்னொரு காலில் தத்திக்கொண்டிருக்கிறேன்.
முழங்காலைத் தாண்டுவதற்குள் முதுகெல்லாம் வியர்வை.
ஆன்ட்டி, நீங்கள் கடல்நாயா? என்கிறான் ஒரு பையன்.
இன்னும் இல்லை, கொழுப்பு போதாது.

நேற்றெல்லாம் தென்கிழக்குக் காற்று.
வெயில் காய்ந்த மேல்நீரை
மேசைவிரிப்பைப் போல உருவிக்கொண்டு போயிற்று.
அடியில் கிடந்தது எழுந்து வந்திருக்கிறது,
சூரியனைக் கேள்விப்பட்டேயிராத நீர்.
கோடை முற்ற முற்றக் கடல் சில்லிடும் ஊர் இது.
டர்பன்காரி எனக்கு அதை நம்ப
இரண்டு கோடைகளும் ஒரு விபத்தும் தேவைப்பட்டன.

அங்கே கடல் என்பது ஆறிய ரசம்.
பருத்திச் சட்டையோடு
பொழுது சாயும்வரை மிதக்கலாம்.

குளிர் எங்கள் வீட்டில் நல்ல சொல்.
கண் குளிர, மனம் குளிர, வயிறு குளிர.
கூழ் ஊற்றும் மாதத்தில்
அம்மனைக் குளிர்விக்க எத்தனை பானைகள்!
அந்தச் சொல்லை நம்பித்தான்
இந்தக் கடலில் முதல் தடவை துடுப்புப் போட்டேன்.

கவிழ்ந்தபோது
என்னைக் கேட்காமலே உடம்பு மூச்சை இழுத்தது,
தலை இன்னும் உள்ளே இருக்கும்போதே.
நீச்சல் தெரியும்.
அதை யாரிடம் போய்ச் சொல்வது?
முதல் நிமிடம் முழுக்க நெஞ்சு
பயந்த நாயைப் போல இறைத்தது.
பத்தாவது நிமிடத்தில்
மிதவைக் கவசத்தின் கொக்கி கண்ணெதிரே இருந்தது,
விரல்கள் இருந்த இடத்தில்
யாரோ வைத்துவிட்டுப் போன கேரட்டுகள்.
விசிலுக்கு உதடு குவியவில்லை.

கயிறு வீசி இழுத்தாள் நஸீமா.
கரையேற்றி, கம்பளியில் சுருட்டி,
என் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.
நல்ல பருத்தி, என்றாள்,
பெட்டிக்குள் கிடத்தும்போது போடலாம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறது பழமொழி.
அதைச் சொன்னவர்
வெதுவெதுப்பான ஆற்றங்கரைக்காரராக இருக்க வேண்டும்.
கவிழ்ந்தவளுக்கு
இரண்டு ஆளும் ஒன்றுதான், இருபது ஆளும் ஒன்றுதான்.

இன்று கோகிலன் வந்திருக்கிறான்.
தங்கை கணவன், நேற்றுத்தான் விமானத்தில் இறங்கியவன்.
அரைக்கால் சட்டை, சுறா போட்ட ரக்பி பனியன்.
காயாக்கில் ஏறுவதுதானே, விழுவதாக உத்தேசமில்லை
என்கிறான்.
உத்தேசித்து விழுந்தவர்களை நான் பார்த்ததில்லை.

வாதாடவில்லை.
கவசத்தை மாட்டிக்கொள்,
ஜிப்பைத் திறந்தே வை,
நெஞ்சளவு நீரில் பத்து நிமிடம் நில்,
பிறகு மூடிக் காட்டு, போகலாம்.

சிரித்துக்கொண்டே போனான்.
இடுப்பில் சிரிப்பு நின்றது.
நெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை,
பாதிதான் வந்தது.
ஏழாவது நிமிடத்தில் ஏறி வந்தான்,
திறந்த ஜிப்போடு,
இரண்டு கைகளையும்
வேறொருவருடைய சாமானைப் போல ஏந்திக்கொண்டு.

நானே மூடிவிட்டேன்.
முப்பத்துமூன்று டிகிரி வெயிலில்
அவன் பற்கள் தந்தியடித்தன.
வரிசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை,
ஒருத்தி தன் ஐஸ்கிரீமை
ஒருமாதிரியாகப் பார்த்தாள்.

ரப்பருக்குள் நான் வெந்துகொண்டிருக்கிறேன்.
சறுக்குப்பாதையில் இறங்கி
முழங்கால், தொடை, இடுப்பு, கழுத்து.
பிடரி ஜிப்பின் இடுக்கில் நுழைந்து
தண்டுவடத்தில் ஒரு கோடு இறங்குகிறது,
அவமானத்தைப் போல.
அசையாமல் நிற்கிறேன்.
பிறகு, மெல்ல,
உள்ளே சிக்கிய அந்த ஒரு குவளை அட்லாண்டிக்கை
என் உடம்பு சூடாக்கத் தொடங்குகிறது.

மேலே, வண்டிக்காரரிடம்
காபி கிடைக்குமா என்று விசாரிக்கிறான் கோகிலன்.